கணக்குப்பிள்ளையின் கையெழுத்து

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தனது நிதிநிலை முடிவுகளை வெளியிடுகிறது. லாபம் எத்தனை கோடி, கடந்த ஆண்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பவை மறுநாள் நாளிதழ்களில் தலைப்புகளாகின்றன. அந்த எண்கள் பொய்யற்றவை என்று சான்றளித்துக் கையொப்பமிடும் ஒருவரின் பெயர் எந்தத் தலைப்பிலும் இடம்பெறுவதில்லை. கணக்கு பொய்யென்று தெரியவரும் நாளில்தான் நாடு அவரைத் தேடத் தொடங்குகிறது. அவர்தான் நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி.

இந்தப் பதவிக்கு நமது சட்டம் இன்று கணிசமான பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. தவறினால் சிறை என்றும் எச்சரிக்கிறது. ஆனால், அந்தப் பொறுப்பை நேர்மையாக நிறைவேற்றுவதற்குத் தேவையான பாதுகாப்பை அந்த அதிகாரிக்குத் தந்திருக்கிறதா என்கிற கேள்விக்குத்தான் திருப்தியான பதில் இல்லை.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதியை இந்தியத் தொழில்துறை எளிதில் மறந்துவிட முடியாது. ஐதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, தனது நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகப் பொய்யாக எழுதப்பட்டு வந்தன என்று இயக்குநர் குழுவுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் கடிதம் எழுதிய நாள் அது. வங்கியில் இருப்பதாகக் காட்டப்பட்ட பணத்தில் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை. 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் ரூ. 649 கோடி லாபம் என்று அறிவித்திருந்தார்கள். உண்மையில் கிடைத்தது ரூ. 61 கோடிதான் என்று அந்தக் கடிதமே ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது. சுமார் 53,000 ஊழியர்களின் எதிர்காலம் கேள்விக்குறியானது. மத்திய அரசு இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய இயக்குநர்களை நியமித்து, சில மாதங்களில் அந்த நிறுவனத்தை டெக் மஹிந்திராவிடம் ஒப்படைத்ததால் பேரழிவு தவிர்க்கப்பட்டது.

சத்யம் மோசடி நடந்தபோது சட்டம் உறங்கிக் கொண்டிருந்தது என்று யாரும் கூறிவிட முடியாது. பங்குச் சந்தைகளுடன் நிறுவனங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் 49-ஆவது பிரிவைத் திருத்தி, தலைமை நிர்வாகியும் தலைமை நிதி அதிகாரியும் கணக்குகளுக்குச் சான்றளிக்க வேண்டும் என்று 'செபி' கட்டாயமாக்கியிருந்தது. அந்த விதி 2006 ஜனவரி முதல் நடைமுறையில் இருந்தது. போதாக்குறைக்கு, சத்யத்தின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டிருந்ததால், என்ரான் ஊழலுக்குப் பிறகு 2002-இல் அமெரிக்கா இயற்றிய சர்பேன்ஸ் - ஆக்ஸ்லி சட்டமும் அதற்குப் பொருந்தியது. அமெரிக்கச் சட்டத்தின்படி, பொய்யென்று தெரிந்தும் வேண்டுமென்றே சான்றளிக்கும் நிதி அதிகாரிக்கு 20 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

அதாவது, இரண்டு நாடுகளின் சட்டங்கள் கேட்ட கையெழுத்து அங்கே இருந்தது. தலைசிறந்த நிர்வாகத்துக்கான சர்வதேச விருதொன்றும் 2008-இல் அந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டிருந்தது. வங்கியில் பணம்தான் இல்லை.

சத்யத்தின் தலைமை நிதி அதிகாரியாக இருந்த வட்லமணி சீனிவாஸ், ராஜு சகோதரர்கள் கைதான மறுநாள் கைது செய்யப்பட்டார். 2014 ஜூலையில் அவர் உள்பட ஐந்து பேரைப் பங்குச் சந்தை நடவடிக்கைகளிலிருந்து 14 ஆண்டுகளுக்கு விலக்கி வைத்து செபி உத்தரவிட்டது. 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரையும் ராஜு சகோதரர்களையும் சேர்த்து 10 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்து ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது. நிதி அதிகாரி, உள் தணிக்கைப் பிரிவின் தலைவர், வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள் இருவர் என்று வேலியாக இருந்திருக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனும் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

சத்யம் தந்த அதிர்ச்சிக்கும் புதிய சட்டத்துக்கும் இடையே நான்கரை ஆண்டுகள் கடந்தன. மக்களவையில் 2012 டிசம்பரிலும் மாநிலங்களவையில் 2013 ஆகஸ்டிலும் நிறைவேறிய புதிய நிறுவனங்கள் சட்டம், தலைமை நிதி அதிகாரி என்கிற பதவியை முதன்முறையாகச் சட்டத்தின் பக்கங்களுக்குள் கொண்டு வந்தது. அதற்கு முன்பு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பதவிக்கு இலக்கணமே கிடையாது.

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 203-ஆவது பிரிவும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும், பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களும், ரூ. 10 கோடியும் அதற்கு மேலும் செலுத்தப்பட்ட மூலதனம் கொண்ட பொது நிறுவனங்களும் முழு நேரத் தலைமை நிதி அதிகாரியை நியமித்தாக வேண்டும் என்கின்றன. நிர்வாக இயக்குநர், கம்பெனி செயலாளர் ஆகியோருடன் அவரும் 'முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்' என்கிற வரையறைக்குள் வருகிறார். அந்த வரையறைக்குள் வருபவர், சட்டத்தை நிறுவனம் மீறும்போது 'தவறிழைத்த அலுவலர்' என்று கருதப்படத் தக்கவர். 'நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன், முதலாளி சொன்னதைச் செய்தேன்' என்று இனிமேல் அவர் கைகழுவிவிட முடியாது.

கணக்குப் புத்தகங்களை முறையாகப் பராமரிக்கத் தவறினால் 128-ஆவது பிரிவும், நிதிநிலை அறிக்கை உண்மையான, நியாயமான சித்திரத்தைத் தரத் தவறினால் 129-ஆவது பிரிவும் அவரைப் பெயர் சொல்லியே பொறுப்பாக்குகின்றன. நிதிநிலை அறிக்கையில் இயக்குநர்களோடு அவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது 134-ஆவது பிரிவு. மோசடி என்று நிரூபணமானால் 447-ஆவது பிரிவு பாயும். ரூ. 10 லட்சமோ, நிறுவனத்தின் விற்றுமுதலில் ஒரு சதவீதமோ, இவற்றில் எது குறைவோ அந்தத் தொகையை எட்டும் மோசடிக்கு ஆறு மாதம் முதல் பத்தாண்டுகள் வரை சிறை. மோசடித் தொகைக்குக் குறையாமல் அதன் மும்மடங்கு வரை அபராதம். பொதுநலன் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தபட்சத் தண்டனையே மூன்றாண்டுகள். அறிக்கையில் தெரிந்தே பொய் எழுதுவதும், முக்கியமான உண்மையைத் தெரிந்தே மறைப்பதும்கூட 448-ஆவது பிரிவின்படி இதே தண்டனைக்கு உரியவை.

செபியின் 2015-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றன. காலாண்டு முடிவுகளில் பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவல் ஏதுமில்லை என்று தலைமை நிர்வாகியும் நிதி அதிகாரியும் சான்றளிக்க வேண்டும். ஆண்டுக் கணக்குக்கான சான்றில், மோசடியான அல்லது சட்டவிரோதமான பரிவர்த்தனை எதுவும் தங்கள் அறிவுக்கு எட்டியவரை நடைபெறவில்லை என்றும், நிதி அறிக்கை தொடர்பான உள்கட்டுப்பாடுகளுக்குத் தாங்களே பொறுப்பு என்றும், அவற்றில் உள்ள குறைபாடுகளைத் தணிக்கையாளரிடமும் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவிடமும் தெரிவித்துவிட்டதாகவும் உறுதி கூற வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் இதற்கு மேல் ஒரு சட்டம் என்ன செய்ய முடியும் என்றுதான் தோன்றும். ஆனால், இந்தியத் தொழில் நிறுவனங்கள் நடக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

நமது பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் ஏதோவொரு குடும்பத்தின் பிடியில் இருப்பவை. பங்குகளில் பாதியை லட்சக்கணக்கான பொதுமக்களும் நிதி நிறுவனங்களும் வைத்திருந்தாலும் நாற்காலி அந்தக் குடும்பத்தினுடையது. இயக்குநர் குழுவில் யார் அமர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குடும்பம். தலைமை நிதி அதிகாரியைத் தேர்வு செய்வதும், அவருக்குச் சம்பளம் நிர்ணயிப்பதும், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் அந்தக் குழு. ஜமீன் காலத்துக் கணக்குப்பிள்ளை, ஜமீன்தார் சொன்ன எண்ணை ஏட்டில் எழுதினார். எழுத மறுத்தால் வேறொரு கணக்குப்பிள்ளை வந்தார். பதவியின் பெயர் மாறியிருக்கிறது. மறுத்தால் என்ன ஆகும் என்பது மாறியிருக்கிறதா?

இதே சட்டம் மற்றவர்களை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். வெளித் தணிக்கையாளரைப் பதவிக்காலம் முடியும் முன் நீக்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்; பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். அவர் தனது தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பும் தரப்பட வேண்டும். கணக்கை எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வருபவருக்கு இத்தனை பாதுகாப்பு. கணக்கு எழுதப்படும் இடத்திலேயே ஆண்டு முழுவதும் அமர்ந்திருப்பவருக்கோ அதில் ஒரு துளிகூட இல்லை. அவரை நியமிக்கும் முன் தணிக்கைக் குழு அவரது தகுதியையும் அனுபவத்தையும் பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும் என்கிறது செபி. நல்ல விதிதான். ஆனால் அவரை நீக்குவதற்கு அந்தக் குழுவின் ஒப்புதல் தேவை என்று அதே விதி கூறவில்லை. உள்ளே வரும்போது காவல் இருக்கும் கதவுக்கு, வெளியே தள்ளும்போது காவல் இல்லை.

முறைகேட்டைச் சுட்டிக்காட்டுவோருக்குப் பாதுகாப்பு தரும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 177-ஆவது பிரிவு கூறுகிறதே என்று கேட்கலாம். அது எல்லா ஊழியர்களுக்கும் பொதுவான ஏற்பாடு. முதலாளியின் அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவர், பெயர் தெரியாத புகார்க் கடிதம் எழுதித்தான் தனது கடமையைச் செய்ய வேண்டும் என்றால் அந்தப் பதவிக்கு என்ன மரியாதை இருக்கிறது?

நிதி அதிகாரி விலகும்போது, காரணங்களை விளக்கும் அவரது விலகல் கடிதத்தைப் பங்குச் சந்தைகளுக்கு ஏழு நாள்களில் தெரிவிக்க வேண்டும் என்று 2023-இல் செபி விதி கொண்டு வந்தது. காலியான இடத்தை மூன்று மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்றும் அதே ஆண்டில் கூறியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், 'சொந்தக் காரணங்களுக்காக', 'வேறு வாய்ப்பைத் தேடி' என்கிற இரண்டு வாக்கியங்களுக்குள் எதையும் மறைத்துவிட முடியும். அடுத்த வேலையைத் தேடியாக வேண்டிய ஒருவர், பழைய முதலாளியைப் பற்றிப் பகிரங்கமாக எழுதுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாதவர்களின் எதிர்பார்ப்பு.

மற்றொரு முரண்பாடும் கவனிக்கப்பட வேண்டும். நிதி அதிகாரியின் ஊதியத்தில் ஒரு பகுதி நிறுவனத்தின் பங்குகளாகவே வழங்கப்படுவது இன்று பரவலான வழக்கம். லாபம் உயர்ந்தால் பங்கு விலை உயரும். பங்கு விலை உயர்ந்தால் அவரது சொத்தும் உயரும். லாபத்தைக் கூட்டிக் காட்டாமல் காக்க வேண்டியவருக்கே, அது கூடுவதில் ஆதாயம் இருக்குமாறு அமைத்துவிட்டு, நேர்மையை எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இவற்றையெல்லாம் சரி செய்ய வெளிநாட்டிலிருந்து முன்மாதிரி தேட வேண்டியதில்லை. மும்பையில் உள்ள ரிசர்வ் வங்கி 2017-இலேயே ஒரு வழியைக் காட்டிவிட்டது. வங்கிகளின் தலைமை இடர் மேலாண்மை அதிகாரிக்கு நிலையான பதவிக்காலம் இருக்க வேண்டும். இயக்குநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதற்கு முன் அவரை மாற்றவோ நீக்கவோ கூடாது. அப்படி மாற்றினால் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வணிக இலக்குகளை அவருக்குத் தரக் கூடாது என்று அது நெறிமுறை வகுத்தது. வங்கியின் இடரை அளப்பவருக்குத் தரப்பட்ட இந்தக் கவசத்தை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் கணக்குக்குச் சான்றளிப்பவருக்குத் தர செபிக்கும் மத்திய அரசுக்கும் என்ன தயக்கம்?

பட்டியலிடப்படாத பெரிய நிறுவனங்களின் கதை இன்னும் மோசம். 'பிரைவேட் லிமிடெட்' என்கிற பெயரில் இயங்கும் நிறுவனம், எத்தனை ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டைத் திரட்டினாலும், தலைமை நிதி அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று மேற்சொன்ன விதி வற்புறுத்துவதில்லை. பைஜூஸ் என்று நாடறிந்த கல்வி நிறுவனத்தின் தாய் நிறுவனம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் கணக்கை அது 2022 செப்டம்பரில்தான் வெளியிட்டது, ரூ. 4,588 கோடி நஷ்டம் என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டின் கணக்கு கைக்கு வரவில்லை என்று கூறி 2023 ஜூனில் தணிக்கை நிறுவனம் விலகிக்கொண்டது. 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊழியர்களும், முன்பணம் கட்டிய பெற்றோர்களும் செய்த தவறு என்ன? நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்காமல், அதன் அளவைப் பார்த்துச் சட்டம் பொறுப்பை விதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பொதுத்துறை நிறுவனங்களில் நிதி இயக்குநர்தான் பெரும்பாலும் இந்தப் பொறுப்பையும் வகிக்கிறார். அவரது நியமனத்துக்கு ஒப்புதல் தருவது மத்திய அமைச்சரவையின் நியமனக் குழு. நிறுவனத் தலைவர் நினைத்தால் அவரை நீக்கிவிட முடியாது. கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் பார்வையிடுகிறார். அமைச்சகங்களின் தலையீடு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றாலும், தலைவரின் தயவில் இல்லாத ஒரு நிதி அதிகாரி 'முடியாது' என்று கோப்பில் எழுதக்கூடிய வாய்ப்பு அங்கே இருக்கிறது. அரசு தனது நிறுவனங்களுக்குத் தேவை என்று கருதும் ஒன்று, பொதுமக்களின் பணத்தில் இயங்கும் தனியார் நிறுவனங்களுக்கு மட்டும் தேவையில்லையா?

தொழில்துறையினர் இரண்டு ஆட்சேபங்களை எழுப்பக்கூடும். பொறுப்பையும் தண்டனையையும் கூட்டிக்கொண்டே போனால் திறமைசாலிகள் இந்தப் பதவிக்கு வரத் தயங்குவார்கள் என்பது ஒன்று. நேர்மையாகவும் நியாயமாகவும் செயல்பட்ட அலுவலரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்க நீதிமன்றத்துக்கு 463-ஆவது பிரிவு அதிகாரம் அளித்திருக்கிறது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மேலும், இங்கே நாம் கேட்பது கூடுதல் தண்டனையை அல்ல. இருக்கும் பொறுப்புக்கு ஈடான பாதுகாப்பை. ஒருவரை நீக்கும் உரிமை நிர்வாகத்திடம் இருந்தால்தான் நிறுவனம் நடக்கும் என்பது இரண்டாவது ஆட்சேபம். திறமையற்ற நிதி அதிகாரியை நீக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காரணத்தைச் சுயேச்சை இயக்குநர்கள் அடங்கிய தணிக்கைக் குழுவின் முன் எடுத்து வைத்துவிட்டு நீக்கட்டும். சொல்லத்தக்க காரணம் இருப்பவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?

தாமதமான நீதியும் இந்த நோய்க்கு ஒரு காரணம். அமெரிக்காவில் வேர்ல்டுகாம் நிறுவனத்தின் கணக்கு மோசடி 2002 ஜூனில் வெளியானது. அதன் நிதி அதிகாரி மூன்றே ஆண்டுகளில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். என்ரானின் நிதி அதிகாரிக்கும் 2006-இல் ஆறாண்டு தண்டனை கிடைத்தது. குற்றத்தை நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய வழக்கில் கீழமை நீதிமன்றத் தீர்ப்புக்கே நமக்கு ஆறாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. பத்தாண்டு சிறை என்று சட்டப் புத்தகத்தில் அச்சிடுவதைவிட, இரண்டாண்டுகளில் தீர்ப்பு என்பது பலரை நேர்வழியில் நிறுத்தும்.

இது பங்கு வாங்கி விற்பவர்களின் கவலை மட்டும்தான் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தை சார்ந்த நிதிகளில் முதலீடு செய்யத் தொடங்கிவிட்டது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பிரீமியமும், மாதந்தோறும் சில நூறு ரூபாய் சேமிப்பவரின் பரஸ்பர நிதியும் சென்று சேரும் இடம் அதுதான். சத்யம் சரிந்தபோது அதன் பங்குதாரர்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகமும் ஒன்று. பங்குச் சந்தையின் வாசலையே மிதிக்காத ஆலைத் தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பும் இன்று ஏதோவொரு நிதி அதிகாரியின் கையெழுத்தை நம்பியே இருக்கிறது.

எனவே, மத்திய அரசும் செபியும் செய்ய வேண்டியவை தெளிவானவை. தலைமை நிதி அதிகாரிக்கு நிலையான பதவிக்காலம் தரப்பட வேண்டும். தணிக்கைக் குழுவின் ஒப்புதலும், அவரது விளக்கத்தைக் கேட்பதும் இல்லாமல் அவரை நீக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் தணிக்கைக் குழு அவரைத் தனியே சந்திக்க வேண்டும். விலகிச் செல்பவரிடமும் அப்படியே கேட்டறிய வேண்டும். அவர் எழுத்தில் தெரிவிக்கும் ஆட்சேபம் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். கம்பெனி செயலாளருக்குக் கல்வித் தகுதியை வரையறுத்த சட்டம், நிதி அதிகாரிக்கு எந்தத் தகுதியையும் வரையறுக்காமல் விட்டிருப்பதும் திருத்தப்பட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒருவர் பொய்க் கணக்கில் கையொப்பமிட்டால், அவர்மீது எந்தக் கருணையும் காட்டத் தேவையில்லை.

'இல்லை' என்று சொல்லும் உரிமையைத் தராமல் ஒருவரிடமிருந்து வாங்கும் 'ஆம்' என்கிற கையெழுத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. சத்யம் நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுதான். அந்தப் பாடத்தின் முதல் பாதியை மட்டும்தான் நாடாளுமன்றம் சட்டமாக்கியிருக்கிறது.